உம்மை உள்ளே அனுப்பிய கதை

காரின் டேஷ்போர்டு மேல் ஒரு கரக் டீ, இந்த வளைகுடாவின் கெட்டிப் பால் டீ, ஆறிக்கொண்டிருக்கிறது. பேப்பர் கப்பில் ஆடை படிந்து சுருங்கிவிட்டது. ஏலக்காய் வாசனை மட்டும் இன்னும் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. புஜைரா கடற்கரைச் சாலையில் ஒரு கடை வாசலில் நிறுத்தி, சீட்டை விட்டு அசையாமல் ஹார்ன் அடித்து வரவழைத்த டீ. "எங்கள் திருநெல்வேலி ஜமீன்தார்கூட எழுந்து போய்த்தான் தண்ணி குடிப்பார், இங்கே ஒரு ஹார்னுக்கு டீ நடந்து வருகிறது" என்று நான் ஆயிரம் தடவை அளந்திருக்கிறேன். ஆயிரமாவது தடவையும் நீர் சிரித்திருக்கிறீர்.

இன்று அந்த டீயைத் தொட முடியவில்லை. சற்று முன்புதான் உம் மகளை அவள் வேலை செய்யும் எண்ணெய் டெர்மினல் வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். அவள் கதவைச் சாத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நீர் போட்ட சட்டப்படி முதலில் எழுத வேண்டும், பிறகுதான் டீ. ஆகவே எழுதுகிறேன். வெட்கத்தோடு எழுதுகிறேன். எனக்கு வெட்கம் என்று ஒன்று உண்டு என்பதே உமக்குச் செய்தியாக இருக்கும்.

அந்தச் சட்டம் இந்தக் கடற்கரையில் பிறந்தது. எண்ணெய்த் தொட்டிகள் வரிசை வரிசையாக நிற்கும் அந்தப் பழைய டெர்மினலில் நீர் சேஃப்டி ஆபீசர். நான் ஸ்டோர் கீப்பர். அதாவது கோடிக்கணக்கான நட்டு, போல்ட்டு, கையுறைகளின் ஏகச் சக்கரவர்த்தி. என் கையெழுத்து இல்லாமல் அந்த சாம்ராஜ்யத்தில் ஒரு வாஷர்கூட உருளாது. சைட்டில் சின்னதாக ஏதாவது நடந்தாலும், ஓர் ஏணி சரிந்தாலும், ஒருவன் விரல் நசுங்கினாலும், நீர் முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான். பார்த்தவர்களைத் தனித்தனியாக உட்காரவைப்பீர். ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு பேனா. தமிழோ, இந்தியோ, நேபாளியோ, அவரவருக்கு வந்த மொழியில் எழுதச் சொல்வீர். அதுவரை யாரும் கேண்டீன் பக்கம் தலைவைக்கக் கூடாது.

"அண்ணாச்சி, டீ குடிக்கறதுக்கு முன்னால எழுதிப்போடுங்க. டீ உள்ள போச்சுன்னா நாலு பேரு கதையும் ஒரே கதையாயிருமுங்க."

கோயமுத்தூர் மரியாதை உமக்கு. திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவீர். நான் எங்கள் ஊர் வழக்கப்படி 'வே', 'ஓய்' என்று உம்மை இழுப்பேன். இரண்டு பேரும் ஒரே ஃப்ளாட்டில் குடியிருந்தோம். குடும்பங்கள் ஊரில். நீர் குறட்டை விட்டால் ஓமான் வளைகுடாவில் கப்பல்கள் திசை மாறும். வழி சொன்னால் நேர் எதிர்ப்பக்கம் சொல்வீர். உம்மை நம்பி ஒருமுறை வடக்கே கொர்ஃபக்கான் போகக் கிளம்பி, தெற்கே ஓமான் எல்லையில் போய் நின்றோம். ஒரு வாதத்தில் தோற்றால் மூன்று நாள் பேச மாட்டீர். உம்மை நான் மகான் ஆக்கவில்லை என்பதற்காக இதையும் எழுதி வைக்கிறேன். உம்மை வேறொன்றாக ஆக்கியவன் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நம் ஃப்ளாட்டின் மூன்றாவது அறைக்கு பெர்னி வந்தது நினைவிருக்கிறதா? பிலிப்பைன்ஸ்காரர். வெல்டிங் இன்ஸ்பெக்டர். வந்த அன்று மாலை நான் பெரும் விருந்தோம்பலோடு டீ நீட்டினேன். "வேண்டாம் பாய்" என்றார். காபி? அதுவும் வேண்டாம். வளைகுடாவில் ஒரு மனிதன் டீயை மறுப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வெயில் இல்லாத ஜூலை மாதிரி இருந்தது. "இந்த ஆள் எதில் ஓடுகிறார், சோலாரா?" என்று உம்மிடம் கேட்டேன். பெர்னி சிரித்துக்கொண்டே சொன்னார்: அவர் மோர்மன். அவர்களுக்கு டீ, காபி, சாராயம், சிகரெட் எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை, டை கட்டிக்கொண்டு எங்கோ ஒரு வில்லாவில் நடக்கும் வழிபாட்டுக்குப் போவார். அப்போது இங்கே வெள்ளிதான் விடுமுறை. ஆகவே அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளிக்கிழமைதான்.

அதன்பிறகு நம் வெள்ளிக்கிழமைகள் கெட்டன. அல்லது விளங்கின. பிற்பகல் சாப்பாடு முடிந்ததும் நீர் பெர்னியைப் பிடித்து உட்காரவைத்து விசாரணை தொடங்குவீர். அவருடைய மதம் எப்படித் தொடங்கியது என்று அவர் சொல்ல, நீர் அதை ஒரு விபத்து விசாரணை போலக் கேட்பீர்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்கே ஓர் ஏழை விவசாயியின் மகன்தான் அந்த மதத்தைத் தொடங்கியவர். இருநூறு வருஷத்துக்கு முந்திய சங்கதி. சின்ன வயதில் தோப்பில் மண்டியிட்டு வேண்டியபோது தெய்வக் காட்சி கண்டதாகச் சொன்னார். சில வருஷம் கழித்து ஒரு தேவதூதர் வந்து, பக்கத்துக் குன்றில் தங்கத் தகடுகள் புதைந்திருப்பதைக் காட்டியதாகச் சொன்னார். தகடுகளில் யாருக்கும் தெரியாத பழைய எழுத்து. அவர் அதை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் எழுதினார். அதுவே அவர்களுடைய வேதமானது. தகடுகளைத் தேவதூதரே திரும்ப வாங்கிக்கொண்டார். உலகத்துக்கு மிச்சமிருந்தது சாட்சிகள் மட்டும்: தேவதூதர் காட்டினார் என்று சொன்ன மூன்று பேர், கையால் தூக்கிப் பார்த்தோம் என்று சொன்ன எட்டுப் பேர்.

"எட்டுப் பேரும் தனித்தனியா எழுதிக் குடுத்தாங்களா?" உம் முதல் கேள்வி.

"இல்லை. ஒரே அறிக்கை. எட்டுப் பேர் பெயரும் கீழே."

"ஏனுங்க, ஒரே தாளுல எட்டுப் பேரு இருந்தா அது எட்டு சாட்சியா? ஒண்ணுதானுங்க." ஆங்கிலத்தில் தொடங்கினாலும், சூடு ஏறினால் நீர் தமிழுக்கே வந்துவிடுவீர்.

பெர்னி கோபப்படவே மாட்டார். தன் சாக்லேட் பாலை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "சேஃப்டி சார், ஒரு வேலையைத் தொடங்க நீங்க கொடுக்கிற வொர்க் பெர்மிட்டில் ஐந்து கையெழுத்து இருக்கிறதே, அது ஒன்றா, ஐந்தா?"

நான் சந்தோஷத்தில் எழுந்து நின்று கைதட்டினேன். நீர் மூன்று நாள் பேசவில்லை.

ஆனால் விடவும் இல்லை. மொபைலிலும் கம்ப்யூட்டரிலும் தேடித் தேடிப் படித்தீர். நம்புகிறவர்கள் எழுதியதையும் படித்தீர், மறுக்கிறவர்கள் எழுதியதையும் படித்தீர். அந்த இளைஞர் அதற்கு முன் புதையல் தேடுகிறவர்களோடு அலைந்தவர், தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு அதில் முகம் புதைத்துப் பார்ப்பவர் என்று கண்டுபிடித்து வந்தீர். பெர்னி அதை மறைக்கவில்லை. "ஆமாம், வேதத்தைச் சொன்னபோதும் பல நேரம் அப்படித்தான் சொன்னார் என்று கூட இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கடவுள் படித்தவனின் மேஜையைத்தான் தேடி வர வேண்டுமா?" என்றார். நீர் ஒரு வாரம் யோசித்தீர். அடுத்த வெள்ளிக்கு இன்னொன்று கொண்டுவந்தீர்: தோப்பில் கண்ட காட்சியை அவரே முதலில் எழுதி வைத்தது, நடந்ததாகச் சொன்ன காலத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு வருஷம் கழித்து. அதற்குப் பின்னும் வேறு வேறு சமயங்களில் சொல்லியிருக்கிறார். ஒன்றில் ஒருவர் தோன்றினார் என்பது போல் இருக்கிறது, பின்னால் வந்ததில் இருவர்.

"பன்னெண்டு வருஷம்! எத்தன டீ குடிச்சிருப்பாங்க!" என்றீர்.

பெர்னி அன்று மட்டும் சிரிக்கவில்லை. "சார், என் அம்மா இறந்ததை நான் அண்ணனிடம் ஒரு மாதிரி சொன்னேன், என் மனைவியிடம் ஒரு மாதிரி, எங்கள் சபைத் தலைவரிடம் ஒரு மாதிரி, உங்களிடம் ஒரு மாதிரி. ஒன்றில் மழையைச் சொன்னேன், ஒன்றில் விட்டுவிட்டேன். எது பொய்?"

நீர் எழுந்து போய் அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினீர். அது உம் பாஷையில் மன்னிப்பு.

மறுக்கிறவர்களையும் நீர் சும்மா விடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். செத்துப்போன ஒரு பாதிரியார் எழுதி வைத்திருந்த அச்சாகாத கதையைத் திருடித்தான் அந்த வேதத்தை உண்டாக்கினார்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு பெரிய குற்றச்சாட்டு. பாதிரியாரின் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் "ஆமாம், அதே பெயர்கள், எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து அவருடைய கையெழுத்துப் பிரதி ஒன்று ஹவாய்த் தீவில் ஒரு பழைய பெட்டிக்குள் கிடைத்தது. எடுத்துப் பார்த்தால், சொன்ன அளவுக்கு ஒத்துப்போகவில்லை. "இன்னொரு கதை இருந்திருக்கும்" என்று சிலர் இன்றைக்கும் சொல்கிறார்களாம். நீர் தொடையில் தட்டிச் சிரித்தீர். "பார்த்தீங்களா அண்ணாச்சி? அந்த வாக்குமூலத்துல எல்லாரும் ஒரே மாதிரி வார்த்தை போட்டிருக்காங்க. இவங்களும் டீ குடிச்சிட்டுத்தான் எழுதியிருக்காங்க!"

என் பங்குக்கு நான் இந்த சபையில் என்ன செய்தேன்? அந்த மதத்தின் மொத்த வரலாற்றையும் தமிழில் மறு ஆக்கம் செய்தேன். தகடுகளின் எடையை என் ஸ்டோர் தராசில் யானை அளவுக்கு ஏற்றினேன். முதலில் எழுதிய பக்கங்கள் தொலைந்துபோன கதைதான் எனக்கு உயிர். எழுதிக்கொண்டிருந்த பணக்கார விவசாயி, "என் மனைவி நம்ப மாட்டேன் என்கிறாள், அவளிடம் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று கெஞ்சி வாங்கிப்போன நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். வீட்டுக்குப் போனவை திரும்பவில்லை. அந்த அம்மாள் அடுப்பில் போட்டாள் என்று ஒரு பேச்சு உண்டு. "அந்தப் பொம்பள மேல என்னவே தப்பு? விறகு ஈரமா இருந்திருக்கும், தோசைக்கு நேரமாயிருக்கும்!" என்று நான் அவளுக்காக வாதாடினேன். அந்த இளைஞர் அதே பகுதியை மறுபடி சொல்லவில்லை. எதிரிகள் பழைய பக்கங்களைத் திருத்தி வைத்துக்கொண்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பார்கள் என்றார். சொல்ல முடியாததால்தான் சொல்லவில்லை என்றார்கள் மறுத்தவர்கள்.

"அது மட்டும் கிடைச்சிருந்தா!" என்று நீர் பெருமூச்சு விட்டீர். "மொதல்ல சொன்னது தொலஞ்சு போச்சுன்னா அப்புறம் என்ன பண்ணி என்னங்க?"

அந்த வாக்கியம் என்னைத் தேடி வரும் என்று அன்று எனக்குத் தெரியாது.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். டீ குடிக்காமல் சொல்கிறேன்.

காலியாக்கிய ஒரு தொட்டிக்குள் கசடு வாரும் வேலை. பிற்பகல். தொட்டியின் அடியில், மனிதன் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு மேன்ஹோல். உள்ளே செல்வம் என்ற அரியலூர்க்காரர் சுருண்டு விழுந்துவிட்டார். விஷவாயு. வெளியே நின்றவர் செல்வத்தின் மச்சினன். அவர் கத்திய கத்தலில்தான் ஸ்டோரிலிருந்து ஓடி வந்தேன். நான் வந்தபோது, பெர்னி பக்கத்தில் இருக்க, நீர் மேன்ஹோலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தீர். இரண்டு கைகளாலும் இரண்டு பக்கத்து போல்ட்டுகளைப் பிடித்துக்கொண்டு, முதுகால் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு, வாயே திறக்காமல்.

"வுடுய்யா! உள்ள கெடக்கறது எம் மச்சான்யா! நீ போவல, என்னையாவது வுடேன்!"

நீர் நகரவில்லை. அவர் உம் மார்பில் குத்தினார். நீர் நகரவில்லை. அவர் உம் கையைக் கடித்தார், சட்டையில் ரத்தம் தெரிந்தது. நீர் நகரவில்லை. காற்று சிலிண்டர் மாட்டிய மீட்புக் குழு டெர்மினலின் மறுகோடியிலிருந்து வண்டியில் வர வேண்டும். அது வரும்வரை ஒருவரையும் நீர் உள்ளே விடவில்லை. அவர்கள் வந்தார்கள், நுழைந்தார்கள், செல்வத்தை இழுத்து வந்தார்கள். பிழைத்தார். சில வாரத்தில் ஊருக்குப் போனார்.

அவ்வளவுதான். அதுதான் நடந்தது. நீர் உள்ளே போகவில்லை.

முகமூடி இல்லாமல் போகிறவன் உள்ளே விழுந்தவனுக்குப் பக்கத்தில் இன்னொரு உடம்பாக விழுவான் என்பது எல்லா சேஃப்டி வகுப்பிலும் சொல்கிற பாடம். தெரிந்த பாடம்தான். சொந்தக்காரன் கடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பாடத்தோடு நிற்க எத்தனை பேரால் முடியும்? ஆனால் தொழிலாளர் கேம்ப்பில் அன்று ராத்திரியே வேறு பேச்சு. "ஆபீசரு வெளிய நின்னு வேடிக்க பாத்தாரு." அது என் காதில் விழுந்தது. உமக்கும் விழுந்திருக்கும்.

அடுத்த வெள்ளி, துபாயின் சோனாப்பூர் கேம்ப்பிலிருந்து நம் ஆட்கள் சிலர் பிரியாணிக்கு வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒருவன் அதே பேச்சை எடுத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழுந்து நின்றேன். "வெளிய நின்னாரா? யாரு சொன்னான்? எங்க சேஃப்டி சாரு மூக்கைப் பிடிச்சிக்கிட்டு உள்ள பாய்ஞ்சாரு பாரும், தொட்டியே அதிர்ந்துபோச்சு! செல்வத்தை ஒரு தோள்ல போட்டாரு, அவன் மச்சினனை இன்னொரு தோள்ல போட்டாரு. வெளிய வந்து, 'அண்ணாச்சி, வேற யாராச்சும் உள்ள இருக்காங்களா'ன்னு கேட்டாரு!" அறை சிரிப்பில் அதிர்ந்தது. நீரும் சிரித்தீர். அது வேடிக்கை என்று அன்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஓய், ஒப்பந்தம் முடிந்து ஆட்கள் ஊருக்குப் போனார்கள், புது ஆட்கள் வந்தார்கள். தெரிந்தவர்கள் குறையக் குறையக் கதை கூடியது. பத்து தடவை சொன்னபின் மூக்கைப் பிடித்தது போய், நனைத்த துணி வந்தது. இரண்டாவது தோள் போய்விட்டது, ஏனென்றால் அது நம்பும்படி இல்லை. நான் வேடிக்கையைக் கழித்துக் கழித்து ஒரு நல்ல, உறுதியான பொய்யைச் செதுக்கினேன். கையில் இருந்த பல் தழும்பு மேன்ஹோல் விளிம்பு கிழித்ததாயிற்று. எல்லோரும் சிரிப்பதை நிறுத்திய நாள் எது என்று எனக்கே தெரியாது. உம் குடும்பம் இங்கே வந்து ஷார்ஜாவில் வீடெடுத்த பிறகு, உம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், உம் மகளுக்கு நானே அதைச் சொன்னேன். அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டாள். நீர் எழுந்து சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனீர்.

அன்று என்னை வழியனுப்ப லிஃப்ட் வரை வந்தீர். லிஃப்ட் கதவு திறந்தது. அப்போது சொன்னீர்:

"அண்ணாச்சி, அந்தக் கதைல என்னைய உள்ள அனுப்பாதீங்க."

அதற்கு நான் சொன்ன பதில்: "சரிவே, அடுத்த தடவை ஹெலிகாப்டர்ல அனுப்புதேன்."

கதவு மூடிக்கொண்டது. நீர் சிரித்தீரா என்று நான் பார்க்கவில்லை.

இதற்கு மேல் நீர் ஒருபோதும் கேட்கவில்லை. ஓய்வு பெற்றுக் கோயமுத்தூர் போனீர். இந்த ஆடியில் ஒரேயடியாகப் போய்விட்டீர். நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? கேம்ப் பேச்சிலிருந்து உம்மைக் காப்பாற்றியதாக. உண்மை அதற்கு நேர் எதிர். நீர் வெளியே நின்றதில் கூச்சப்பட ஏதோ இருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்ததால்தான் அதை மூடி மறைக்க ஒரு வீரனைச் செய்தேன். கூட இருந்து பார்த்தவன் நான். நான் உம் எதிரிகளின் பக்கம் சாட்சி சொல்லியிருக்கிறேன். அதுவும் கைதட்டலோடு.

இரண்டு நாளைக்கு முன் உம் மகள் போன் செய்தாள். நிவேதா இப்போது உம் வேலையிலேயே, இதே புஜைராவில், புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். வேலை தொடங்கும் முன் ஆட்களைக் கூட்டி வைத்து சேஃப்டி பேசுவதை அன்றுதான் முதல் தடவை செய்திருக்கிறாள், குரலில் அப்படி ஒரு பெருமை.

"அங்கிள், இன்னைக்கு என் முதல் டூல்பாக்ஸ் டாக். அப்பா டேங்க்குள்ள போன ஸ்டோரி சொன்னேன். எல்லாரும் கிளாப் பண்ணாங்க! நெக்ஸ்ட் வீக் எங்களுக்கும் டேங்க் க்ளீனிங் இருக்கு. அப்பா மாதிரி நானும் யாரையும் உள்ள விட்டுட்டு நிக்க மாட்டேன், அங்கிள். நானே போயிருவேன்."

என் கையிலிருந்த டீ தரையில் கொட்டியது. இதில் ஒரு சொட்டுகூட மிகை இல்லை. நான் வேடிக்கைக்காகக் கட்டிய தொட்டிக்குள் உம் மகள் நுழையக் கிளம்பிவிட்டாள். அவள் மட்டுமா, கைதட்டிய அத்தனை பேரும்.

இன்று விடிந்ததும் நான் இப்போது இருக்கும் ஷார்ஜாவிலிருந்து மலைச்சாலை வழியாக ஓடி வந்தேன். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடற்கரையில் நிறுத்திச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் பாதியில் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அங்கிள், ப்ளீஸ். காலைலயே ஜோக்கா?"

"ஜோக் இல்லம்மா. அப்பா உள்ள போகல. யாரையும் உள்ள விடல."

"சரி, இது புது வெர்ஷனா?"

எத்தனையோ கடவுள்கள் மேல் சத்தியம் செய்தேன். இத்தனை வருஷமாக நான் எல்லாப் பொய்க்கும் அதே கடவுள்களைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். இன்று ஒருவரும் வரவில்லை. அவள் சிரிப்பு மெதுவாக நின்றது. ஆனால் நம்பவும் இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்: "அப்போ நீங்க ஃபர்ஸ்ட் என்ன சொன்னீங்க, அங்கிள்? அன்னைக்கு, அந்த டைம்ல?"

உம் கேள்வி. உம் குரல்கூட. அன்று நீர் என்னையும் உட்காரவைத்து எழுதச் சொன்னீர், எழுதினேன். இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, தாளும் இல்லை. இருந்தது இந்த நாக்கு ஒன்றுதான். அதன் சாட்சியம் எங்கும் செல்லாது.

அப்போதுதான் உம் சட்டம் நினைவுக்கு வந்தது. டீ குடிக்காத ஒரு சாட்சி உலகத்தில் மிச்சம் இருக்கிறார்! பெர்னி செபு தீவில் மகளோடு இருக்கிறார். நம்பரை அவளிடம் கொடுத்தேன். "நான் அவர்ட்ட பேசி நாலு மாசமாச்சு. இதைப் பத்தி பேசினதே இல்ல. நீயே கேளு. நான் இறங்கிப் போயிருதேன். அப்பா செய்யச் சொல்ற மாதிரி, தனித்தனியா." வண்டியை விட்டு இறங்கி, தண்ணீர் ஓரம் போய் நின்றேன். தூரத்தில் கப்பல்கள் நின்றன. தீர்ப்புக்குக் காத்திருக்கிறவன் எப்படி நிற்பான் என்று எனக்கு இனி யாரும் நடித்துக் காட்ட வேண்டாம்.

வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டாள். முகம் நனைந்திருந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அங்கிள், அவர் சொல்றது டிஃபரன்ட்டா இருக்கு. நீங்க அப்பா முதுகால ஓட்டையை அடைச்சு நின்னாருன்னீங்க. இவர் அப்பா சைடா நின்னாருங்கறார். நீங்க அப்பா பேசவே இல்லன்னீங்க. இவர், அப்பா பேசிட்டே இருந்தாருங்கறார்." அவள் போனை நோக்கி ஆங்கிலத்தில் கேட்டாள். பெர்னியின் குரல், கொஞ்சம் வயதாகி, வந்தது.

"ஆமாம். நான் பக்கத்தில் நின்றேன். அந்த மச்சினன் அடித்துக்கொண்டே இருந்தான். உன் அப்பா ஓட்டைப் பக்கம் தலையைத் திருப்பித் திருப்பி உள்ளே இருந்தவனிடம் பேசிக்கொண்டே இருந்தார். அழுதுகொண்டே. எனக்கு உங்கள் மொழி தெரியாது. ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. கண்ணு. செல்வம் கண்ணு, செல்வம் கண்ணு என்று. அது என்ன வார்த்தை?"

நிவேதா போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளை நீர் வாழ்நாள் முழுக்கக் கூப்பிட்ட வார்த்தை அது.

ஓய், நான் அங்கே பத்தடி தள்ளி நின்றேன். எனக்கு அது கேட்டிருக்க வேண்டும். ஒருவேளை கேட்டிருக்கலாம், அந்தத் தாளில் எழுதியும் இருக்கலாம். பிறகு பாய்ச்சலையும் தோளையும் நனைத்த துணியையும் ஏற்றி ஏற்றி, அதற்கு இடமில்லாமல் கீழே தள்ளியிருக்கிறேன். எவ்வளவு சேர்த்தேன்! அத்தனையும் சேர்த்தும் அந்த ஒரு சொல்லின் உயரம் வரவில்லை. உம்மைப் பெரிதாக்குகிறேன் என்று இத்தனை வருஷம் சின்னதாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போனை வைத்த பிறகு நான் கேட்டேன், "இப்பவாவது நம்புறியா? ரெண்டு பேரும் வேற வேறல்ல சொல்லுதோம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன், அங்கிள். பேசி வச்சுக்கிட்டீங்கன்னு நெனச்சிருப்பேன். உள்ள போகலங்கறது மட்டும் ரெண்டுலயும் இருக்கு." ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நாளைக்கு அவங்க எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லணும்" என்றாள். "நீங்களும் வாங்க. நீங்கதான் சொல்லணும்."

வருகிறேன் என்றேன். வாசலில் இறக்கிவிட்டேன். கதவைக் கொஞ்சம் அழுத்திச் சாத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு உரியதுதான்.

அந்தத் தங்கத் தகட்டுக் குன்றில் என்ன நடந்தது என்று நீரும் பெர்னியும் கடைசிவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. பெர்னி ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் நீர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது: "எனக்குத் தெரியாதுங்க பெர்னி. ஆனா அந்த மூணு பேரும் அவரோட சண்ட போட்டுப் பிரிஞ்சு போயும், பார்த்தது பார்த்ததுதான்னு மாத்தாம சொன்னாங்களே, அதை மட்டும் என்னால ஒதுக்கி வைக்க முடியலீங்க." பெர்னிக்குத் தமிழ் புரியவில்லை. நான்தான் மொழிபெயர்த்தேன். அதைக்கூட நான் என்னவாக மாற்றிச் சொன்னேனோ, இன்று யோசித்தால் பயமாக இருக்கிறது.

எழுதி முடித்துவிட்டேன். டீயில் இப்போது ஈ விழுந்திருக்கிறது. ஒரே ஒரு ஈ. நூறு என்று எழுதக் கை துடிக்கிறது, எழுதவில்லை. நாளைக் காலை கேண்டீன் திறக்கும் முன், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கைதட்டியவர்கள் முன்னால் நிற்பேன். அரை நிமிஷத்தில் முடிந்துவிடும் கதை. யாரும் சிரிக்க மாட்டார்கள். அவர் வாசலில் நின்றார், யாரையும் விடவில்லை, உள்ளே இருந்தவனைக் கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார் என்று சொல்வேன்.

லிஃப்ட் கதவு மூடும் முன் நீர் சொன்னதற்கு இதுதான் பதில். பிந்திவிட்டது. இனி உம்மை உள்ளே அனுப்ப மாட்டேன்.